சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததிலிருந்து இசக்கிசெல்வி உச்சி வெயிலில்தான் தண்ணீருக்குப் போனாள். சின்ன ஓலைப்பட்டியில் அடிபம்பு பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. காலையில் போனால், கோவில்பட்டிக்குப் பிளஸ் ஒன் படிக்கப் போகிற கூட்டாளிகள் சீருடையில் நிற்பார்கள். மத்தியானம் போனால் யாரும் இல்லை. பம்பின் கைப்பிடி கொதிக்கும். தாவணி முனையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அடித்தாள்.

மற்றப் பாடங்களில் எல்லாம் பாஸ். இங்கிலீஷில் மட்டும் இருபத்திரண்டு.

அக்டோபரில் அந்த ஒரு பாடத்தை மறுபடி எழுதலாம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். தேறினால் அடுத்த ஜூனில் பிளஸ் ஒன் சேரலாம். இல்லாவிட்டால் தாயோடு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக வேண்டியதுதான். அங்கே எப்போதும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் எழுத மாட்டேன். இன்னொரு மட்டம் போயி பெயிலாயிட்டு வரணுமாக்கும்?" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

அவள் அப்பன் காசிராஜனுக்கு நாற்பது வெள்ளாடும் இரண்டு ஏக்கர் கரிசலும் இருந்தன. கருவேல நெற்றுச் சாக்கை இறக்கி வைத்தவன் சொன்னான்: "எழுதாட்டிப் போ. நாளையிலேருந்து நீ ஆடு பத்து. நான் வீட்டுல இருந்து சோறு பொங்குதேன். எனக்கும் கால் ஓஞ்சு போச்சு."

"நீங்க பொங்குன சோத்த ஆடு திங்குமா?" என்றாள் தாய் சுந்தரம்மாள். பிறகு, மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே, யோசிக்காமல் அதைச் சொன்னாள்: "ஏட்டி, நானும் எழுதுதேன். ரெண்டு பேருமா போவோம்."

விளையாட்டுப் பேச்சு இல்லை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் சுந்தரம்மாளும் பத்தாவதில் இங்கிலீஷில்தான் பெயிலானாள். அந்த வைகாசியிலேயே கல்யாணம் ஆயிற்று. அந்த மார்க் சீட்டை இன்னும் டிரங்குப் பெட்டியில், நாலாக மடித்தது மடித்தபடி வைத்திருந்தாள்.

இசக்கிசெல்வி எழுந்து உட்கார்ந்தாள். "ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். என்னியப் பாத்துச் சிரிக்கையில ஒன்னிய மறந்துருவாகள்லா?"

மகள் ரெண்டு நாள் கழித்துச் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு. "பஸ்ஸுல நீ முன்னால ஏறு, நான் பின்னால ஏறுவேன். அங்கன வந்து எம்மக இங்கன இருக்கான்னு யார்கிட்டயும் சொல்லப்படாது. எங்கிட்டப் பேசவும் கூடாது. எங்கூடப் படிச்சதுல இன்னும் ரெண்டு பேரு எழுத வாராளுவ."

"சரிடி யம்மா. நீ யாரோ, நான் யாரோ" என்று சுந்தரம்மாள் சிரித்தாள்.

விண்ணப்பங்கள் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் கொடுத்தார்கள். அடுத்தடுத்த நம்பர் வந்தது.

தீப்பெட்டி ஆபீஸில் சுந்தரம்மாளுக்குக் குச்சி அடுக்கும் வேலை. மரச் சட்டத்தில் வரிசையாகப் பள்ளம் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி. ஒரு சட்டம் நிறைந்தால் அதன் மேல் அடுத்த சட்டம். ஐம்பது சட்டம் ஏறினால் ஒரு கட்டை. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கண் பார்க்காமலே கை ஓடும். வாய்தான் சும்மா இருக்கும். மற்றப் பெண்கள் அந்த வாயால் ஊர்க் கதை பேசினார்கள். சுந்தரம்மாள் இங்கிலீஷ் சொன்னாள்.

அவளே கண்டுபிடித்த வழி அது. ஒரு சட்டத்துக்கு ஒரு வரி. சட்டம் நிறைகிற வரைக்கும் அதே வரியை முணுமுணுப்பாள். அடுத்த சட்டத்துக்கு அடுத்த வரி. ஹாட்டுக்கு எதிர்ப்பதம் கோல்டு, ஓல்டுக்கு நியூ, எல்லாம் அப்படித்தான் ஏறின. தலைமையாசிரியருக்கு லீவு லெட்டர் இரண்டு நாளில் வந்துவிட்டது. கைடில் முக்கியம் என்று கோடு போட்டிருந்த கட்டுரை, மிருகக்காட்சி சாலைக்குப் போய் வந்தது பற்றி. அது முப்பத்தியிரண்டு வரி.

"ஐ சா எ லயன். தி லயன் வாஸ் ஸ்லீப்பிங்" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்க, எதிரே உட்கார்ந்திருந்த பார்வதியம்மாள் கையை நிறுத்தாமல் கேட்டாள்:

"ஏ சுந்தரம், நேத்துலேருந்து அந்த லயனு லயனுங்கியே, அது என்னட்டி?"

"சிங்கம் மதினி."

"அது என்ன செய்யுதாம்?"

"தூங்குதாம்."

"நேத்தும் அதத்தான சொன்ன? இன்னுமா எந்திரிக்கல? எங்க வீட்டுக்காரருதான் போலிருக்கு."

வரிசை முழுக்கச் சிரித்தது. கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்து, "அங்கன என்ன சத்தம்?" என்றார்.

"இங்கிலீஷ் கிளாஸ் நடக்கு, அண்ணாச்சி. நீங்களும் ஒரு கட்டை எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க" என்றாள் பார்வதியம்மாள்.

வீட்டில் இசக்கிசெல்வி கைடை மடியில் வைத்துக்கொண்டு கண்ணால் படித்தாள். பக்கம் திரும்பும். அரை மணி கழித்துக் கேட்டால் ஒன்றும் நிற்காது. கோபம் வந்து புத்தகத்தை மூடிவிடுவாள். சோளக்கஞ்சியைக் கரைத்துக்கொண்டே தாய் கட்டுரையை முணுமுணுப்பது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"வாய்க்குள்ள சொல்லும்மா. கேக்கச் சகிக்கல."

"வாய் அசையாட்டி எனக்கு வரமாட்டேங்குதுடி."

"ஒனக்கென்ன, பாஸானா என்ன, பெயிலானா என்ன?"

சுந்தரம்மாள் கஞ்சியில் உப்பைப் போட்டாள். மகள் சொன்னது நியாயம்தான் என்றே நினைத்தாள். தான் போவது துணைக்கு. ஆனால் ஒவ்வொரு வரியும் இடறாமல் வரும்போது உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. அதை மகளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

பரீட்சை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஊர் முழுக்க விதைப்பு. காசிராஜன் உளுந்து விதைப்பெட்டியோடு தனியாகக் காட்டுக்குப் போனான். "ஆளுக்கு ஒரு பேனாவத் தூக்கிக்கிட்டுக் கெளம்புதாளுவ. நான் யாரு பின்னால வெதைக்க?" என்று தெருவுக்கே கேட்கப் புலம்பினாலும், பஸ் நிறுத்தம் வரை இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளக் கொங்காணியாக மடித்துக் கொடுத்தான். கரிசல் மண் செருப்பில் அப்பி, அடிக்கு அடி கனத்தது. கோவில்பட்டியில் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் காலைக் கழுவிக்கொள்ளவே கால் மணி ஆயிற்று. இசக்கிசெல்வி முதலில் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். சுந்தரம்மாள் நூறு எண்ணிவிட்டுப் பின்னால் போனாள்.

முதல் தாள் ஒன்றும் ஆகாமல் முடிந்தது. கோடிட்ட இடங்களும் ஒரு வார்த்தைப் பதில்களுமாக வந்ததால் அதிகம் முணுமுணுக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் தாளில் அந்தக் கட்டுரை வந்திருந்தது. கேள்வித்தாளில் சுந்தரம்மாள் அதை இரண்டு தடவை விரலால் தொட்டுப் பார்த்தாள். மகள் முன் பெஞ்சில், ஒரு கை தூரத்தில். அவளும் பார்த்திருப்பாள். சுந்தரம்மாள் பேனாவை ஊன்றினாள். இடது கை பெஞ்சின் மேல் தானாகக் குச்சி அடுக்க ஆரம்பித்தது. வாயும் ஆரம்பித்தது.

லாஸ்ட் சண்டே, ஐ வென்ட் டு தி ஜூ.

முதல் நாலு வரி வரைக்கும் தான் சத்தம் போடுவது அவளுக்கே தெரியாது. ஐந்தாவது வரியில் நிமிர்ந்தபோது மகளின் வலது தோளைப் பார்த்தாள். தான் ஒரு வரி சொன்னால் அந்தத் தோள் அசைந்தது. தான் நிறுத்தினால் நின்றது. அவள் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தாள். மகளின் பேனா காகிதத்தின் மேலே காத்துக்கொண்டு நின்றது.

சுந்தரம்மாள் அடுத்த வரியைச் சொன்னாள், கொஞ்சம் தெளிவாக. இப்போது எல்லாம் தெரிந்துதான் சொன்னாள்.

குரங்கு வந்தது. மயில் வந்தது. ஐ சா எ லயன். தி லயன் வாஸ் ஸ்லீப்பிங்.

"ஏம்மா, இது என்ன கோயிலா? மந்திரம் சொல்லுதீங்க?"

மேற்பார்வைக்கு வந்த வாத்தியார் பக்கத்தில் நின்றார். ஹால் மொத்தமும் திரும்பியது. பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

"வாய் அசையாம எனக்கு வராது சார்."

"வராதா? இல்ல முன்னால இருக்க பிள்ளைக்குக் கேக்கணும்னு சொல்லுதீங்களா?" அவர் இசக்கிசெல்வியின் தாளை எடுத்தார். சுந்தரம்மாளின் தாளையும் எடுத்தார். இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "ரெண்டுலயும் சிங்கம் வரைக்கும் வந்திருக்கு. எந்திரிம்மா. இவிய யாரு ஒனக்கு?"

இசக்கிசெல்வி எழுந்து நின்றாள். கழுத்தோரம் வியர்த்திருந்தது. திரும்பித் தாயைப் பார்த்தாள். புதிதாக யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"தெரியாது சார்."

"ஹால் டிக்கெட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே ஊரு போட்டிருக்கு?"

"ஊர்ல நெறையப் பேரு இருக்காக சார். எனக்குத் தெரியாது. இவிய பாட்டுக்கு என்னமோ புலம்பிக்கிட்டு இருக்காக. என்னிய எழுதவே விடல."

கடைசியாகச் சொன்னதை அவள் சொல்லியிருக்க வேண்டாம். முதலில் சொன்னது பேசி வைத்ததுதான். இதைப் பேசி வைக்கவில்லை.

வாத்தியார் சுந்தரம்மாள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

"எனக்கும் தெரியாது சார்" என்றாள் சுந்தரம்மாள். "நான் வயசானவ. தெரியாமச் சொல்லிட்டேன். அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீக."

முப்பத்து மூன்று வயது அவளுக்கு. வாத்தியார் இரண்டு தாளையும் திருப்பிக் கொடுத்தார். "வராந்தாவுல போயி உக்காந்து எழுதுங்க. அங்கன என்ன வேணாலும் முணுமுணுங்க."

வராந்தாவில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றை பெஞ்சைப் போட்டுக் கொடுத்தார்கள். ஓட்டிலிருந்து மழை கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்ததும் காதெல்லாம் சுட்டது. ஹாலே தன்னைப் பார்ப்பதாக நினைத்தாள். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது. போனால் சந்தேகம் மகள் மேல்தான் விழும். அதற்காகப் பேனாவை எடுத்தாள்.

முதல் வரியிலிருந்து முணுமுணுத்து, சிங்கத்தைத் தாண்டினாள். தாண்டியதும் கை பிடித்துக்கொண்டது. மழைச் சத்தத்தில் வாய்விட்டே சொன்னாள். யானை, ஒட்டகம், பாம்பு, ஐஸ்கிரீம், திரும்பி வந்தது, அம்மாவிடம் சொன்னது. முப்பத்தியிரண்டு வரியும் முடிந்தது. லெட்டர் எழுதினாள். எதிர்ப்பதம் எழுதினாள். கூடுதல் காகிதம் கேட்டு வாங்கினாள். மணி அடித்தபோது திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த ஒரு மணி நேரமும் மகள் ஞாபகமே அவளுக்கு வரவில்லை.

பஸ்ஸில் இசக்கிசெல்வி பின்னால் உட்கார்ந்தாள். ஊரில் இறங்கி, வீட்டுக்குப் போகும் சேற்றில் நடக்கும்போதுதான் பேசினாள்.

"ஒன்ன யாரு சத்தம் போடச் சொன்னா? எல்லாரும் என்னியப் பாத்துச் சிரிச்சாக."

"தெரியாமத்தான்டி."

"ஒன்னாலதான் எல்லாம் போச்சு."

கொஞ்ச தூரம் போனதும் சுந்தரம்மாள் கேட்டாள்: "அந்தக் கட்டுரைய முழுசும் எழுதுனியா?"

"சிங்கத்தோட நிக்கு" என்றாள் மகள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

மார்கழிப் பிறப்பில் மார்க் சீட்டு வந்தது. சுந்தரம்மாள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். குமாஸ்தா இரண்டு சீட்டையும் எடுத்து வைத்துவிட்டு, "இந்த இன்னொண்ணு யாரு?" என்றார்.

"எம் மக சார்."

"மகளா? நீங்க பாஸும்மா, நாப்பத்தி மூணு. மக முப்பத்தொண்ணு. நாலு மார்க்குல போச்சே." அவர் சிரித்தார். "பரவால்ல, வீட்டுல ஒராளாவது பாஸ். மிட்டாய் வாங்கிட்டுப் போங்க."

அவள் மிட்டாய் வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். எதையோ திருடிக்கொண்டு வந்தவளைப்போல மார்க் சீட்டு இருந்த பையை இடுக்கிக்கொண்டாள். மகளின் வாயிலிருந்து பிடுங்கி, தான் தின்றுவிட்டதாக இருந்தது. அன்றைக்கு வராந்தாவில் அந்தப் பிள்ளையின் ஞாபகம் ஒரு தடவை வந்திருந்தால்கூட மனசு இவ்வளவு கூசாது.

நேராகப் பார்வதியம்மாள் வீட்டுக்குப் போய்த் தன் சீட்டைக் கொடுத்து வைத்தாள்.

"ஒலகத்துல பெயிலானத மறைப்பாக" என்றாள் பார்வதியம்மாள். "நீ பாஸானத மறைக்கியே, கூறுகெட்டவளே."

"பிள்ள மொகத்த எப்படி மதினி பாப்பேன்?"

"பாத்துத்தான ஆவணும்? எத்தன நாளைக்குக் கண்ண மூடிக்கிட்டு இருப்ப?"

வீட்டில் மகள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுந்தரம்மாள் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "எத்தன?" என்றாள். "முப்பத்தொண்ணு." மகள் கேட்டாள்: "ஒனக்கு?"

"நானும் பெயிலுதான்."

இசக்கிசெல்வி அழுதாள். அழுது முடித்ததும் தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மே மாதத்திலிருந்து அவள் அப்படி வந்து உட்கார்ந்ததில்லை. "சரி விடும்மா. மார்ச்சுல ரெண்டு பேருமா எழுதுவோம்."

அதன்பிறகு வந்த நாட்கள்தான் சுந்தரம்மாளுக்குக் கொடுமையாக இருந்தன. மகள் அன்பாகிவிட்டாள். தாய் வேலை முடிந்து வருவதற்குள் கஞ்சி காய்ச்சி, கருவாடு சுட்டு வைத்தாள். வெளிச்சம் இருக்கும்போதே கைடை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். முதல் பாடத்திலிருந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். சுந்தரம்மாள் தெரிந்ததைத் தெரியாததுபோலத் தப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது. "பரவால்லம்மா, இன்னொரு மட்டம் சொல்லு" என்று மகள் சொல்லும்போது அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

தை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு சாயங்காலம் கைடில் அந்தக் கட்டுரைப் பக்கம் வந்தது. வெளியே காசிராஜன் காட்டிலிருந்து வந்த ஆடுகளைப் படலுக்குள் விட்டுக்கொண்டிருந்தான். மகள் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எம்மா. அன்னைக்கு நீ சொல்லச் சொல்லத்தான் நான் எழுதுனேன். எனக்கு ஒரு வரியும் தெரியாது."

"தெரியும்டி."

"தெரியுமா?" அவள் கைடின் ஓரத்தை நகத்தால் கீறினாள். "எழுதிக்கிட்டே இருந்துட்டு, எழுத விடலன்னு சொன்னேன். ஒன்ன யாருன்னே தெரியாதுன்னேன். கழுதப்பய புத்தி. அதுக்குத்தான் சாமி எனக்குப் பெயிலப் போட்டுருச்சு. ஆனா ஒன்னியும் ஏன் பெயிலாக்குச்சு? அதான் எனக்குத் தாங்கல."

இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கச் சுந்தரம்மாளால் முடியவில்லை.

"நான் பெயிலாகல" என்றாள்.

இசக்கிசெல்வி நிமிர்ந்தாள்.

"நாப்பத்தி மூணு. பார்வதி மதினிகிட்டக் குடுத்து வச்சிருக்கேன்."

வெளியே ஆடுகள் படலில் முட்டிக்கொண்டிருந்தன. மகள் கைடை மெதுவாக மூடினாள். இத்தனை நாளாக, பாஸான தாய்க்குப் பெயிலான தான் பாடம் சொல்லிக் கொடுத்தது அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஏறியது. காது மடல் சிவந்தது.

"வராந்தாவுல இருந்து எழுதையில என்னிய நெனச்சியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுந்தரம்மாள் மகளின் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"இல்ல. மணி அடிக்க வரைக்கும் நெனைக்கல. எழுதணும்னு இருந்துச்சு, எழுதுனேன்."

இசக்கிசெல்வி எழுந்தாள். தாயைத் தாண்டி வாசலுக்குப் போனாள். சுந்தரம்மாள் கூப்பிடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிட?

"எப்பா!" வாசலிலிருந்து மகளின் குரல் கேட்டது. தெருக்கோடி வரைக்கும் எட்டும் குரல். "எப்பா, எங்கம்மா பாஸு! இங்கிலீஷ்ல நாப்பத்தி மூணு!"

"என்னது?" காசிராஜன் படலைப் பிடித்தபடி கத்தினான். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. யாரோ, "யாரு பாஸு?" என்று கேட்டார்கள்.

"எங்கம்மா! சுந்தரம்மா!"

"அப்ப நீ?"

உள்ளே சுந்தரம்மாள் கைடைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் பெயிலு" என்றாள் இசக்கிசெல்வி, அதே சத்தத்தில்.

அவள் திரும்பி உள்ளே வரவில்லை. எதிர்வீட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டே வாசலை நோக்கி வருவது கேட்டது. "எங்க, அந்தப் பாஸான பிள்ளயக் காட்டு, பாப்போம்" என்றாள் ஒருத்தி. சுந்தரம்மாள் வெளியே வரவில்லை. மூடிக் கிடந்த கைடின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.